600 யூனிட் கோடு
நேற்று பினாங்கு ஜெலுத்தோங்கில் அம்மா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது, கரண்ட் பில்லை நீட்டினார். "ஐயா, இதுல என்னென்னமோ வரி புதுசா இருக்கே, பாரு." 618 யூனிட். பேரப்பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வந்து தங்கிய மாதம், இரண்டு அறையிலும் ஏர்கோன் ஓடியிருக்கிறது.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மின்கட்டணக் கணக்கே வேறு. முன்பு முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100க்கு 33.40 காசு என்று படிப்படியாக ஏறும். இப்போது உற்பத்திக்கு ஒரு கட்டணம், கம்பி கட்டமைப்புக்கு ஒரு கட்டணம் என்று பிரித்துப் போடுகிறார்கள். 600ஐத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சேவைக் கட்டணம் சேரும். எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் கூடிக் குறையும் தொகையும் அப்போதுதான் நம் தலையில் வரும்.

அந்தத் தொகைதான் முக்கியம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும். நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது, விலை டாலரில். வெள்ளியின் மதிப்பு இறங்கினால் அம்மா வீட்டு ஏர்கோனுக்கும் அது தெரியும்.

குறைவாகப் புழங்குபவர்களைக் காப்பாற்றுவது சரியான முடிவுதான், மனதார வரவேற்கிறேன். ஆனால் மீட்டர் தலையை எண்ணுவதில்லையே! தனி ஆள் வீட்டுக்கும் தாத்தா பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கும் வீட்டுக்கும் அதே 600. கூட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

அம்மா பில்லை நாலாக மடித்து நாள்காட்டி ஆணியில் குத்தினார். "அடுத்த லீவுக்கும் பிள்ளைங்கள அனுப்பி வை" என்றார்.