கண்ணாடிக் கூண்டுப் பையன்

ஸ்பீல்பெர்க்கின் 'அமேசிங் ஸ்டோரீஸ்' தொடரை மறுபடியும் பார்த்து முடித்தேன். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்தது, மொத்தம் 45 கதைகள். கதைக்குக் கதை இயக்குநர் மாறுவதால் சீராக இருக்காது. பாதிக்கு மேல் சுமார்தான். சிரிப்புக் கதை ஒன்றை மகள் பாதியிலேயே விட்டுவிட்டு மைலோ கலக்கப் போய்விட்டாள்.

ஆனால் 'தி மிஷன்' இருக்கிறதே! குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கடியில், கண்ணாடிக் கூண்டில் ஒரு பையன் மாட்டிக்கொள்கிறான். சக்கரங்களும் வெளியே வரவில்லை. அப்படியே இறங்கினால் அவன் நசுங்கிவிடுவான். அவனுக்குப் படம் வரைய வரும், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். "இதெல்லாம் ஒரு முடிவா?" என்று பெஸ்தாரி ஜெயா ஊரில் உள்ள ஒட்டுக்கடையில் மச்சான் சண்டைக்கே வந்துவிட்டார். (அவர் பார்க்கும் சீரியலில் செத்தவர்கள் வாரம் ஒருமுறை திரும்பி வருகிறார்கள், அது பரவாயில்லையாம்.) அந்த முக்கால் மணி நேரப் பதற்றத்துக்கு அப்படியொரு முடிவுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

ஸ்கோர்செஸி எடுத்த 'மிரர், மிரர்' வேறு ரகம். கண்ணாடியில் மட்டும் தெரியும் ஓர் உருவம். நைட் ஷிப்ட் முடிந்து செம்பனை ரோட்டில் வரும்போது மோட்டார் கண்ணாடியைப் பார்க்கவே யோசனையாக இருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'மிஷன்' முதலில் பாருங்கள். தொடரின் முதல் கதையான 'கோஸ்ட் டிரெயின்' அப்புறம் பார்த்தால் போதும்.