‘நம்ம ஆள்’ ஓட்டு

அமெரிக்கத் தேர்தல் செய்தி வந்தாலே நம் சிங்கப்பூர் டேக்கா காப்பிக்கடையில் யாராவது ஒருவர் “அங்கே எல்லாம் சர்ச் சொல்றதுதான்” என்று முடித்துவிடுவார். பாதி சரி. நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் பெரும்பாலானவர்கள் கட்சி பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். மதம் இறங்கி வேலை செய்வது அதற்கு முன்னால், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில். எல்லாரும் ஒரே கட்சி, பேசுவதும் ஏறக்குறைய ஒன்றே என்றால் எதை வைத்துப் பிரிப்பது? நம்ம ஆளா என்று பார்த்துத்தான்.

2008 ஜனவரி 3, வியாழக்கிழமை இரவு, கடுங்குளிர். அயோவா மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பள்ளிக்கூடம் அது இது என்று கூடி, பேச்சைக் கேட்டுவிட்டு, துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போட்டார்கள். வந்தது சுமார் 1,20,000 பேர், ஐந்து பேர் அணியாக நிற்கும் நம் குழுத்தொகுதி ஒன்றின் வாக்காளர் பட்டியலைவிடக் குறைவு. அதில் பத்துக்கு ஆறு பேர் தங்களை இவாஞ்சலிக்கல் (பைபிளையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்ட்) கிறிஸ்தவர்கள் என்றார்கள். பணத்தைக் கொட்டிய, மோர்மன் என்ற தனிச் சபையைச் சேர்ந்த மிட் ராம்னி தோற்றார், அவர்களில் ஒருவரான பாப்டிஸ்ட் சபைப் போதகர் மைக் ஹக்கபி ஜெயித்தார். அந்தக் குளிரில் வீட்டை விட்டுக் கிளம்புவது யார்? ஞாயிறுதோறும் சேர்ந்தே கிளம்பிப் பழகியவர்கள்தான்.

அதற்காக பக்தி அளவுக்கு ஓட்டு என்று நினைக்க வேண்டாம். 2016இல் இதே கட்சியின் சுற்றில், சவுத் கரோலினா மாநிலத்தில் போதகர் மகன் டெட் குரூஸைவிட, மூன்று கல்யாணம் செய்த டிரம்ப்புக்குத்தான் இவாஞ்சலிக்கல் ஓட்டு அதிகம். மோர்மன்கள் நிறைந்த யூட்டாவிலோ டிரம்ப் மூன்றாமிடம்! ஆக, ‘நம்ம ஆள்’ என்பதற்கு அர்த்தம் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இங்கே நமக்கு இந்தச் சுற்றே கிடையாது. வேட்பாளர்களைக் கட்சித் தலைமை தேநீர் சந்திப்பில் அழைத்துப் பேசித் தேர்ந்தெடுக்கிறது. சமயத்தை அரசியலுக்கு இழுத்தால் 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஒரு வேட்பாளரின் மதம் கட்சிக்குள் தடையா இல்லையா என்பதை வெளியே வைத்துச் சோதிக்க நம்மிடம் வழியில்லை. 1960இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற கத்தோலிக்கர் ஜான் கென்னடிக்கு அந்த வழி இருந்தது. கத்தோலிக்கர் ஜெயிக்க மாட்டார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுத்தபோது, அவர் புராட்டஸ்டன்டுகள் நிறைந்த மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய் நின்றார். சுமார் 60 விழுக்காடு வாங்கினார். அதே கட்சியில் எதிர்த்து நின்ற ஹம்ஃப்ரி அன்றிரவே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.