கண்டதைக் கண்டபடி

எங்கள் பள்ளியில் சித்திரம் கற்பித்த சித்திர சிஸ்டர் காலமானார் என்ற செய்தி, எங்கள் 1986 ஆம் ஆண்டு சாதாரண தரப் பிரிவினரின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அதிகாலையில் வந்தது. மாலைக்குள் நாற்பது பேருக்கு மேல் அஞ்சலி எழுதிவிட்டார்கள். மாதா கெபியடியில் வரிசை பிசகினால் அவர் பார்க்கும் பார்வை, திரிகால செபத்துக்கு மணி அடித்ததும் தூரிகையைக் கையில் பிடித்தபடியே அவர் நின்று செபிப்பது, வர்ணம் பட்டுக் காய்ந்த அங்கியின் கைநுனி என்று ஒவ்வொருத்தியின் நினைவிலும் ஒரு சிஸ்டர் இருந்தார். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. நினைவு மலர்க் குழுவினர் இரண்டு பக்கம் கேட்டபோது, அவரைப் பற்றி எழுதுவதென்றால் ஓர் எண்ணெய் வர்ண ஓவியத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

1984 இல் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. யாழ்ப்பாண நூலகம் எரிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பியச் சிற்பங்களைப் படத்திலாவது பார்ப்பதற்குச் சிஸ்டரின் மேசை லாச்சிக்குள் இருந்த தபாலட்டைகளே எங்களுக்குக் கதி. அவற்றில் ஒன்றை அவர் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். தாமே பிடித்துக்கொண்டு வாங்கு வாங்காக வந்து காட்டுவார். உரோமையின் திராஸ்தேவெரே பகுதியில், புனித செசிலியாவின் கோவிலில், பீடத்தின் கீழ் இருக்கும் வெண்பளிங்குச் சிற்பம் அது. ஸ்தேபனோ மதெர்னோ என்ற இளைஞர் 1600 இல் செதுக்கியது. வலப்பக்கம் சரிந்து படுத்திருக்கும் ஒரு பெண். தலை துணியால் சுற்றப்பட்டு, முகம் நிலத்தை நோக்கித் திரும்பியிருக்கிறது. கழுத்தில் வெட்டின் கோடு தெரிகிறது. கைகள் இரண்டும் முன்னால் நீண்டு கிடக்கின்றன. ஒரு கையில் மூன்று விரல்களும் மறு கையில் ஒரு விரலும் நீட்டியபடி இருக்கும்: கடவுள் மூவர், கடவுள் ஒருவர்.

செசிலியா மறைசாட்சியாய் இறந்த கதையைச் சிஸ்டர் சொன்னதுபோல் பிறகு எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வெந்நீர் அறையில் பூட்டி மூச்சடைக்க வைத்தும் சாகாதவளைக் கழுத்தில் மூன்று முறை வெட்டினார்கள் என்பதும், அதன்பின்னும் மூன்று நாள் உயிரோடிருந்தாள் என்பதும் பழைய மரபு. 821 இல் பாப்பரசர் முதலாம் பஸ்கால் அவளுடைய திருவுடலை அந்தக் கோவிலுக்குக் கொண்டுவந்தார். 1599 இல் கர்தினால் ஸ்ஃபோந்திராத்தி பேழையைத் திறந்தபோது உடல் கிடந்த கிடையிலேயே தாம் செதுக்கியதாக மதெர்னோவின் பெயரில் அங்கே ஒரு கல்வெட்டும் இருக்கிறது. “கண்டதைக் கண்டபடி செய்தவன், பிள்ளையள். அழகுக்காக ஒரு விரலையும் மாத்தேல்லை,” என்பார் சிஸ்டர். விரல்களை மொளி மொளியாக எண்ணிக் கீறப் பழக்கியவர் அவர்தான். எண்ணெய் வர்ணத்தையோ சொல்லால் மட்டுமே கற்பித்தார். வாங்கித் தர வசதியில்லை. அது மெல்லக் காய்கிற வர்ணம், அதனால் ஒரு மெல்லிய பூச்சின்மேல் இன்னொன்றைப் பூசித் தோலுக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதுபோல் செய்யலாம் என்று அவர் சொல்லும்போது, எங்கள் முன்னால் போஸ்டர் வர்ணப் போத்தல்களே இருந்தன.

நவம்பர் 22 இசைக்குப் பாதுகாவலியான செசிலியாவின் திருநாள். பாடகர் குழாமுக்குப் பாட்டு, எங்களுக்குச் சித்திரக் கண்காட்சி. அதற்கு ஒரு கிழமை முன்னர், ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில், எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓர் இளைஞனின் உடல் கிடந்தது. யார் சுட்டது என்று ஒருவரும் உரத்துச் சொல்லவில்லை. அப்பா என் கண்ணைப் பொத்துவதற்குள் நான் பார்த்துவிட்டேன். வலப்பக்கம் சரிந்து, முழங்கால் சற்று மடங்கி, முகம் மணலில் புதைந்து, கைகள் முன்னால் நீண்டு கிடந்தான். நீலக் கட்டச் சாரம். அந்தக் கிடையை நான் முன்னரே தபாலட்டையில் பார்த்திருந்தேன்.

ஆகவே அதைக் கீறினேன். பகிடிக்காகவோ துணிச்சலுக்காகவோ அல்ல. சிஸ்டர் சொல்லித் தந்ததைச் செய்கிறேன் என்று முழுமையாக நம்பித்தான் கீறினேன். பின்னணியில் எங்கள் கிடுகு வேலி, கீழே சாரம், நீட்டிய விரல்கள் ஒரு கையில் மூன்று, மறு கையில் ஒன்று. அடியில் ‘புனித செசிலியா’ என்று எழுதினேன்.

சிஸ்டர் அதைக் கையில் எடுத்ததும் வகுப்பு அடங்கியது.

“பிள்ளை, இது ஆர்?”

“செசிலியா, சிஸ்டர்.”

“செசிலியா சாரம் கட்டினவவோ?”

பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். “புனிதையைப் பகிடி பண்ண உமக்கு ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டுக்கொண்டே அவர் தாளை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் கிழித்தார். துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடாமல், தரையில் விழுந்த ஒன்றையும் குனிந்து பொறுக்கி, அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நிமிரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி, “விரல் சரியாய் வந்திருக்கு,” என்றார். அந்தச் சொல்லைப் பாராட்டாக ஏற்றுக்கொள்ள எனக்கு அன்று முடியவில்லை. சிரிப்புத்தான் காதில் நின்றது. அதன்பிறகு சித்திரத்தை விட்டு மனையியலுக்கு மாறினேன். 1987 இல் ஊரைவிட்டுப் புறப்படும்போது மற்ற ஆசிரியர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். சித்திர அறைக் கதவு திறந்திருந்தது; நான் உள்ளே போகவில்லை.

இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பரில், மகளைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க் போயிருந்தேன். அவள்தான் என்னை அந்தக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றாள். கெஹிண்டே வைலி என்ற கறுப்பின ஓவியர், பின்னாளில் 2018 இல் ஒபாமாவின் உருவப்படத்தால் உலகமே அறிந்தவர், ‘டவுன்’ என்ற தொடரை அப்போது காட்சிக்கு வைத்திருந்தார். தெருவில் காணும் இளைஞர்களை நிறுத்திப் பேசி, பழைய ஓவியங்களிலும் சிற்பங்களிலும் உள்ள கிடைகளில் அவர்களை அமர்த்திப் படம் வரைவது அவர் வழக்கம். இந்தத் தொடரில் எல்லோரும் விழுந்து கிடப்பவர்கள். அவற்றில் ஒன்றின் பெயர் ‘கன்னியும் மறைசாட்சியுமான புனித செசிலியா’. எட்டரை அடி உயரமும் ஏறத்தாழ பத்தொன்பது அடி அகலமும் கொண்ட துணியில் எண்ணெய் வர்ணம். மதெர்னோவின் பளிங்குப் பெண் கிடந்த கிடையில், இன்றைய உடையோடு ஒரு கறுப்பின இளைஞன் கிடக்கிறான்.

பெயர்ப் பலகையைப் படிப்பதற்கு முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. கால் நகரவில்லை. வன்னியில் போர் இறுகிக்கொண்டிருந்த மாதம் அது. ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் யாரோ ஒருவரின் பிள்ளையின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் அந்த இளைஞனின் தோலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கபிலம் ஒன்றல்ல, செம்மையும் ஊதாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, வெளிச்சம் உள்ளிருந்து வந்தது. சிஸ்டர் போஸ்டர் வர்ணப் போத்தல்களை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னது இதைத்தான். ஓவியத்தில் பரவியிருந்த பூக்கள் எனக்கு அதிகமாகவே பட்டன. விழுந்து கிடப்பவனுக்கு இவ்வளவு அழகு வேண்டுமா என்று இன்றும் எனக்குள் கேள்வி உண்டு. எங்கள் ஒழுங்கையில் பூ இருக்கவில்லை. ஆனால் ஒரு புனிதையின் இடத்தில் தெருப் பையன் ஒருவனைக் கிடத்தி, அவளுடைய பெயரையும் அவனுக்கே கொடுத்ததில் பகிடி ஒரு துளியும் இல்லை என்பதை அந்த ஓவியத்தின் முன் நின்ற யாரும் ஐயப்படமாட்டார்கள்.

அன்றிரவே அந்த ஓவியத்தின் படத்தை மகளிடம் அச்செடுத்து வாங்கி, பின்புறத்தில் சிஸ்டருக்கு நான்கு வரி எழுதி, உறையில் இட்டு, மடத்தின் முகவரியை எழுதினேன். ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் முத்திரையும் ஒட்டினேன். தபால் பெட்டியடியில்தான் கை நின்றது. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2006 ஆகஸ்டிலிருந்து மூடியிருந்தது. இந்த உறை அவரிடம் போய்ச் சேருவதற்குள் எத்தனை கைகள் பிரிக்கும்? விழுந்து கிடக்கும் ஓர் இளைஞனின் படம், வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ்க் கன்னியர் மடத்துக்கு வருகிறது, யாராவது வந்து “இது ஆர்?” என்று கேட்டால் அந்த முதியவர் என்ன சொல்வார்? உறையை இரண்டாக மடித்து மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பைக்குள் கையிருக்க, அவர் குனிந்து பொறுக்கிய அந்தக் கடைசித் துண்டு நினைவுக்கு வந்தது. அன்றைய பள்ளிக் கண்காட்சிக்கு ஊரே வரும். வெளியே வீதியில் ஆமி ட்ரக்குகள் நிற்கும். என் பெயர் அந்தத் தாளின் மூலையில் எழுதியிருந்தது.

போர் முடிந்த பிறகு அனுப்பியிருக்கலாம். பாதை திறந்த பிறகு நேரிலேயே கொண்டுபோயிருக்கலாம். 2013 இல் ஊருக்குப் போனபோது மடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் தங்கியிருந்தேன். கல்யாண வீடு, காணி அலுவல், நான்கு நாள். அடுத்த முறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடக்கத்துக்குப் போன தோழி, சிஸ்டரின் அறையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்று எழுதியிருந்தாள்: செபமாலை, மூக்குக்கண்ணாடி, தபாலட்டைகள் கொஞ்சம். செசிலியா அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உறை என் மேசை லாச்சிக்குள் மடிந்தபடியே இருக்கிறது. உள்ளே படத்தின் பின்புறம் நான் எழுதிய முதல் வரி, “சிஸ்டர், இவரும் கண்டதைக் கண்டபடி கீறியிருக்கிறார், பாருங்கோ.”