கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தவர்

ஹெல்சிங்கியிலிருந்து போர்வோவுக்கு 50 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். பின்லாந்தின் தேசியக் கவி ரூனெபெர்க்கின் வீட்டைப் பார்க்கத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். நான் போனது அவர் மனைவி ஃப்ரெட்ரிகாவுக்காக. ஆற்றங்கரையின் சிவப்பு மரக் கிடங்குகளை அப்புறம் பார்க்கலாம் என்று நேராக அந்த வீட்டுக்கே நடந்தேன்.

1852-இல் குடிவந்த வீடு. எட்டுப் பிள்ளைகள் பெற்று, ஆறு மகன்களை வளர்த்து ஆளாக்கியவர் ஃப்ரெட்ரிகா. அந்த வீட்டு வேலைகளுக்கு நடுவேதான் ஸ்வீடிஷ் மொழியில் 'திருமதி கத்தரீனா போயேவும் அவள் மகள்களும்' நாவலை எழுதினார். 1713 முதல் 1721 வரை ரஷ்யப் படை பின்லாந்தைப் பிடித்து வைத்திருந்த கொடுங்காலம்தான் அதன் களம். போர்க்களத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குள் ஒரு தாயும் மகள்களும் படும் பாட்டைச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான். 1840-களில் எழுதியது, 1858-இல்தான் அச்சேறியது. பின்லாந்தின் முதல் வரலாற்று நாவல்களில் அதுவும் ஒன்று. 1862-இல் 'சிக்ரித் லில்யெஹோல்ம்' வந்தது. விமர்சனம் கடுமையாக இருந்தது. அதோடு நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார்.

அடுத்த வருஷமே, வேட்டைக்குப் போன இடத்தில் கணவருக்குப் பக்கவாதம். 1877-இல் சாகும்வரை படுத்த படுக்கைதான். ஜன்னலுக்கு வெளியே வரும் பறவைகளின் பிம்பத்தைப் படுத்தபடியே பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள். அந்த அறையில் நின்றபோது என் மனசு கட்டிலில் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டியவரிடம் போய்விட்டது. எழுதக்கூடிய கை, பக்கம் புரட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. கணவர் போன இரண்டாவது வருஷம் அவரும் போய்விட்டார். அவருடைய தன்வரலாறு 'என் பேனாவின் கதை' 1946-இல்தான் வெளியானது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு கடையில் ரூனெபெர்க் டார்ட் வாங்கினேன். பாதாம் வாசனையோடு உருளையாக ஒரு சின்னக் கேக், உச்சியில் ராஸ்பெரி ஜாம், அதைச் சுற்றிச் சர்க்கரை வளையம். பிப்ரவரி 5, கவிஞரின் பிறந்தநாளுக்கு நாடே சாப்பிடுகிறது. இதன் செய்முறை ஃப்ரெட்ரிகாவின் சமையல் குறிப்பேட்டில் இருக்கிறது.

கடையிலிருந்த பெண்ணிடம் அவர் நாவல் எதையாவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "எந்த நாவல்?" என்றார். பில்லின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார்.