பாதிப் படம் குதிரைக்கு

ரோடியோ என்பது துள்ளும் குதிரை, காளை மேல் ஏறி உட்காரும் கௌபாய்ப் போட்டி. அந்த மைதானத்தில் கேமராவைக் கையில் எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்வேன்: மிருகம் நிற்கும் அடைப்பின் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சவாரிக்காரர் எந்தக் கையால் பிடித்திருக்கிறார். துள்ளும் குதிரையோ காளையோ, ஒரு கையால் மட்டும்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு கை காற்றில் இருக்க வேண்டும். அது மிருகத்தின் மேலோ தன் உடம்பின் மேலோ பட்டுவிட்டால் மதிப்பெண் கிடையாது. பிடித்த கை முன்னால் இழுபடுவதால், வீசும் கை இருக்கும் பக்கத்தில் மார்பு கொஞ்சம் திறந்து தெரியும். அதே கை முகத்துக்குக் குறுக்கே வந்து நல்ல படம் ஒன்றைக் கெடுக்கவும் செய்யும். அதனால் நிற்கும் இடம் ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று அடி மாறும். கம்பி வேலிக்கு வெளியே மண்டியிட்டுத்தான் பெரும்பாலும் எடுக்கிறேன். கீழிருந்து பார்த்தால் விளம்பரப் பலகைகள் மறைந்து, ஆளும் குதிரையும் வானத்தின் முன்னால் வருவார்கள்.

நான் வேலை பார்ப்பது கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில். கோடையில் வார இறுதி வந்தால் ஏதாவது ஓர் ஊரில் ரோடியோ இருக்கும். ரேமண்ட் என்ற சின்ன ஊரில் 1902-ல் நடந்ததைத்தான் கனடாவின் முதல் ரோடியோ என்கிறார்கள். பொனோகாவில் 1936-லிருந்து நடக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது கால்கரி ஸ்டாம்பீட். 1912-ல் கை வீடிக் என்பவர் தொடங்கியது, 1923 முதல் வருடாந்தர விழாவாகி, இப்போது ஜூலையில் பத்து நாள் நடக்கிறது. முதல் ஸ்டாம்பீடில் சேணக் குதிரைச் சவாரியில் வென்றவர் டாம் த்ரீ பெர்சன்ஸ், கைனாய் பழங்குடியைச் சேர்ந்தவர். அவர் ஏறி அடக்கிய குதிரையின் பெயர் சைக்ளோன். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

இந்த வேலையில் நான் புரிந்துகொண்டதும் அதுதான். ரோடியோவில் எட்டு விநாடி விழாமல் தாக்குப்பிடித்த சவாரிக்கு 100 வரை மதிப்பெண். பாதி ஆளுக்கு, பாதி மிருகத்துக்கு. பொதுவாக இரண்டு நடுவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவரும் சவாரிக்காரருக்கு 25 வரை, மிருகத்துக்கு 25 வரை போடுவார்கள். குதிரை சுரத்தில்லாமல் துள்ளினால் எவ்வளவு திறமையாக உட்கார்ந்திருந்தாலும் ஆள் ஜெயிக்க முடியாது. அப்படி நடந்தால் இன்னொரு மிருகத்தின் மேல் மறுபடி ஏற வாய்ப்புக் கொடுப்பதும் உண்டு. நம்மூர் வாடிவாசலில் பிடிபடாத காளைக்குப் பரிசு; பிடித்தால் வீரனுக்குப் பரிசு. இங்கே இருவரும் சேர்ந்துதான் அந்த எட்டு விநாடியை உண்டாக்க வேண்டும். ஆனால் வெளியாகும் படங்களில் பாதி, ஆளின் முகத்தையும் தொப்பியையும் வைத்துக்கொண்டு குதிரையின் பின்னங்கால்களை விளிம்பில் வெட்டிவிடுகின்றன. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

வேகமான காட்சியை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் கேமராவின் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிடுவது சுலபம். வெயிலில் ஷட்டர் 1/1600 அல்லது 1/2000 விநாடி, 70-200 மி.மீ. லென்ஸ் ஒன்று, தூரத்துக்கு 300 அல்லது 400, லென்ஸின் துளை f/2.8 அல்லது f/4, நகர்வதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி வைத்திருப்பேன். குறுக்கே யாராவது ஓடினால் கட்டைவிரலை எடுத்துவிட்டால் போதும், ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான்.

கடினமானது குதிரையைப் படிப்பது. துள்ளும் குதிரைக்கு ஒரு தாளம் இருக்கிறது. முன்னங்கால்களை ஊன்றும், தலை கீழே போகும், பின்னங்கால்கள் மேலே உதைத்து நீளும், அப்புறம் உடம்பு சுருங்கி மறுபடி எழும். பின்னங்கால்கள் முழுக்க நீண்டு நிற்கும் உச்சத்தில், மேலே போவது நின்று கீழே வருவது தொடங்குவதற்கு நடுவே, ஒரு நொடியில் சிறு பங்கு அந்த உடம்பு அசையாமல் இருக்கிறது. வேகம் முழுவதும் தெரியும் படம் வேகம் இல்லாத அந்தத் துளியில்தான் கிடைக்கிறது. அங்கே 1/500 கூடப் போதும்; இடையில் 1/2000 வைத்தாலும் கால்கள் மடங்கிய, ஒன்றும் சொல்லாத படம்தான் வரும். குதிரை ஓடும்போது நான்கு கால்களும் தரையை விடுகின்றனவா என்ற கேள்விக்கு எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து விடை கண்டார். அவருக்கு முன் எத்தனையோ ஓவியர்கள் ஓடும் குதிரையைத் தப்பாகவே வரைந்திருந்தார்கள். நம் கண் பார்க்காததைக் கேமரா பார்க்கும் என்பது உண்மை. ஆனால் துள்ளும் குதிரையின் முன் எப்போது பார்க்க வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போதைய கேமராக்கள் விநாடிக்கு 20, 30 படம் எடுக்கின்றன. பொத்தானை அமுக்குவதற்கு முந்தைய கணங்களைக்கூடச் சேமித்துத் தருகின்றன. எட்டு விநாடி விடாமல் அமுக்கினால் 160 படமாவது சேரும். நான் அப்படி எடுப்பதில்லை. ஒவ்வொரு துள்ளலுக்கும் மூன்று நான்கு படம், அப்புறம் விரலை எடுத்துவிட்டு அடுத்த துள்ளலுக்குக் காத்திருப்பேன். அமுக்கிக்கொண்டே இருந்தால் பார்ப்பது நின்றுவிடுகிறது.

குதிரைகளை வளர்த்து ரோடியோவுக்குக் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் அடைப்புக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, "காதைப் பாரு தம்பி" என்கிற தொனியில் சொல்லிக்கொடுத்தார். கதவு திறக்கும் முன்பே குதிரை எந்தப் பக்கம் கவனமாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். சில குதிரைகள் கதவைத் தாண்டியதும் நேராக நாலு துள்ளல் போய் அப்புறம்தான் திரும்பும். சில முதல் துள்ளலிலேயே இடதுபுறம் சாயும். அவருக்கு ஒவ்வொன்றின் பழக்கமும் மனப்பாடம். சவாரிக்காரர்களும் ஒருவரை ஒருவர் இதைத்தான் விசாரிக்கிறார்கள்: குலுக்கலில் உனக்கு எந்தக் குதிரை விழுந்தது, அது என்ன செய்யும்? படமெடுக்கிறவனும் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். குதிரையின் பின்வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை மர்ம உறுப்பை நெரிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது கட்டப்படுவது அந்த இடத்தில் அல்ல. உள்பக்கம் ஆட்டுத்தோல் மெத்தை வைத்த பட்டை அது. இருந்தாலும் குதிரைக்கு அது பிடிக்கவில்லை என்பதால்தான் அவ்வளவு உயரம் உதைக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

குதிரைச் சவாரிகளில் எனக்கு முக்கியமான படம் முதல் துள்ளல். குதிரை வெளியே பாய்ந்து முன்னங்கால்கள் முதன்முறையாகத் தரையைத் தொடும்போது, சவாரிக்காரரின் இரண்டு குதிகாலும் குதிரையின் தோள் முனைக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதி ஏழு விநாடி எவ்வளவு அழகாகப் போனாலும் மதிப்பெண் இல்லை. ஆகவே சவாரிக்காரர்கள் வந்து கேட்பதும் அந்தப் படத்தைத்தான். திரையைப் பெரிதாக்கி முதலில் தங்கள் குதிகாலைப் பார்ப்பார்கள், அப்புறம் குதிரையின் குளம்பை. தங்கள் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான்.

காளை வேறு மாதிரி. அதற்கு முதல் துள்ளல் விதி இல்லை. சுற்றும். சுற்றும்போது ஆளின் முதுகும் முகமும் மாறி மாறி வரும். முகம் நம் பக்கம் வரும் திருப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். காளையைச் சுற்றிய பின்னல் கயிற்றின் அடியில் ஒரு மணி தொங்கும். ஆள் கையை விட்டதும் கயிறு கழன்று விழுவதற்கான கனம் அது. எனக்கு அது தாளக்கருவி மாதிரி. ஒரு கண்ணை லென்ஸில் வைத்திருக்கும்போது அந்த மணிச் சத்தத்தை வைத்தே அடுத்த எழுச்சியைக் கணிக்க முடிகிறது.

எட்டாவது விநாடியில் ஒலிப்பான் அடித்ததும் பலர் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். காளைச் சவாரியில் ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 1989 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில் நடந்த ஷையென் ஃபிரண்டியர் டேஸ் ரோடியோ விழாவில், உலக சாம்பியனாக இருந்த லேன் ஃப்ராஸ்ட் தன் சவாரியை முழுதாக முடித்து இறங்கிய பின்புதான் காளை முட்டி இறந்தார். அவருக்கு வயது 25. அதன் பிறகு அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் உருவாக்கிய பாதுகாப்பு உடுப்பு இன்று காளைச் சவாரிக்காரர்கள் பெரும்பாலோரின் மார்பில் இருக்கிறது. ஆள் விழுந்த அந்த இரண்டு மூன்று விநாடியில் காளைக்கும் அவருக்கும் நடுவே போய் நிற்பவர்களை புல்ஃபைட்டர் என்கிறார்கள். காளையைக் கொல்வது அவர்கள் வேலை அல்ல; தன்னைத் துரத்த வைப்பதுதான் வேலை. அவர்களுக்கு மதிப்பெண் பலகையில் இடமில்லை. ஒலிப்பானுக்குப் பிறகு என் லென்ஸ் அவர்களிடம்தான் இருக்கும்.

பீப்பாய்ப் பந்தயத்துக்கு மட்டும் கேமராவை நேர் எதிராக மாற்றிவிடுவேன். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பெண்கள் போட்டி அது. ஒரு பீப்பாய் சாய்ந்தால் ஐந்து விநாடி தண்டனை. அங்கே ஷட்டரை 1/60-க்கு இறக்கி, குதிரையோடு சேர்ந்து உடம்பைத் திருப்பி எடுத்தால் பின்னணி கோடுகளாக ஓடும். நிறைய வீணாகும். கிடைத்தால் ஒன்று கிடைக்கும்.

வெளிச்சம் பெரிய தொல்லை. பிற்பகல் வெயில், அகலமான தொப்பி. முகம் முழுக்க நிழல். வெளிர் மண்ணும் பறக்கும் தூசியும் கேமராவின் மீட்டரை ஏமாற்றும். அதனால் ஒளியளவைக் கையாலேயே, முகத்துக்காகக் கொஞ்சம் கூட்டி வைத்துவிடுகிறேன். மழை வந்தால் எனக்குச் சந்தோஷம். தொப்பி நிழல் போய்விடும், சேறு எவ்வளவு தூரம் தெறித்தது என்பதை வைத்தே உதையின் பலம் தெரியும்.

எல்லாப் போட்டியும் எனக்கு ஒன்றல்ல. ஓடும் கன்றுக்குச் சுருக்குப் போட்டுச் சாய்த்து மூன்று காலைக் கட்டும் போட்டியில், கயிறு இறுகிக் கன்றின் கழுத்து பின்னால் இழுபடும் ஒரு கணம் இருக்கிறது. பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் க்ளோவர்டேல் ரோடியோ 2007-ல் ஒரு கன்று காயப்பட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் போட்டியையும் வேறு சிலவற்றையும் கைவிட்டது. மற்ற பல ரோடியோக்களில் அது தொடர்கிறது. ஓர் அமைப்பாளர் அந்தக் கணத்தைத் தவிர்த்து, கட்டி முடித்துக் கை தூக்கும் படத்தை மட்டும் கொடுங்கள் என்றார். கை தூக்கும் படத்தை அவருக்குக் கொடுத்தேன். கயிறு இறுகும் படத்தை என் தொகுப்பில் வைத்திருக்கிறேன். கேட்கும் பத்திரிகைக்கு இரண்டையும் அனுப்புகிறேன். இந்த விளையாட்டை நேசிக்கிறவன் அதன் அந்தப் பக்கத்தையும் காட்டத்தான் வேண்டும். படுகாயப்பட்ட மனிதரின் படத்தை மட்டும் குடும்பத்துக்குச் செய்தி போவதற்கு முன் யாருக்கும் அனுப்புவதில்லை.

ஜூலை முதல் வாரத்தை இங்கே கௌபாய் கிறிஸ்துமஸ் என்பார்கள். பரிசுப் பணம் அதிகம், ரோடியோக்களும் அடுத்தடுத்து. காலையில் ஓர் ஊரில் சவாரி, இரவில் நானூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. சவாரிக்காரர்கள் வண்டியில் ஏறுவதற்குள் படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்வார்கள், அனுப்பிவிடுவேன். குதிரை உரிமையாளர்களுக்கு அவசரமில்லை. சில நாள் கழித்துக் கேட்பார்கள், ஆனால் உடம்பு முழுக்கத் தெரியும் படமாகக் கேட்பார்கள். நல்ல துள்ளல் குதிரைக்கு இந்த மாகாணத்தில் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. கால்கரி ஸ்டாம்பீடின் சொந்தப் பண்ணையில் பிறந்த கிரேட்டட் கோகனட் என்ற குதிரையை, ரோடியோ பார்க்காதவர்கள்கூடப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

படக்குறிப்பு எழுதும்போது சவாரிக்காரர் பெயர், ஊர், மதிப்பெண், அப்புறம் குதிரையின் பெயர் என்று நான்கையும் எழுதுகிறேன். இடமில்லை என்று பத்திரிகையில் கடைசியை வெட்டுவதுண்டு. அடுத்த வாரப் படத்திலும் எழுதி அனுப்புகிறேன்.