மஸ்கடைன் வைனும் சீனியும்

வட கரோலினாவிலிருந்து வந்த மைத்துனர் கொண்டுவந்த மஸ்கடைன் வைன் போத்தலை ஹட்டனில் எங்கள் வீட்டில் திறந்தபோது, ஒரு மிடறோடு எல்லோரும் வழங்கிய தீர்ப்பு, "வெறும் சீனிப்பாகு" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தித்திப்பில் குடிப்பவர்களின் விருப்பத்துக்கும் பங்கு உண்டு என்றாலும், அப்படித் தித்திக்கவைக்க வேண்டியிருப்பது முதலில் பழத்தின் இயல்பால்தான்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டுக்கொடியாகப் படர்ந்த திராட்சை இனம்தான் மஸ்கடைன். யாழ்ப்பாணத்திலிருந்து நமக்கு வரும் திராட்சையைப் போலப் பெருங்குலைகளாகக் காய்க்காமல், சில பழங்கள் கொண்ட சிறு கொத்துகளாகக் காய்த்து, ஒன்று பழுத்து உதிரும்போது அடுத்தது பச்சையாகவே இருக்கும். தோல் தடிப்பு, விதை பெரிது. இவற்றில் வெண்கல நிறமுள்ள ஸ்கப்பர்னாங் வகையை வட கரோலினா 2001இல் தன் மாநிலப் பழமாக ஏற்றுக்கொண்டது.

நோய் என்றால் என்னவென்று மலையகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததால்தான் இங்கே தேயிலை பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் கொடிகளை பைலோக்ஸரா என்ற வேர்ப்பூச்சி தின்றுகொண்டிருந்தது. மஸ்கடைன் அந்தப் பூச்சிக்கும், தென்மாநிலங்களின் வெப்பத்தில் ஐரோப்பியக் கொடிகளைக் காயவைக்கும் பியர்ஸ் நோய்க்கும் அசையாது நிற்கக்கூடியது. ஆனால் ஐரோப்பியத் திராட்சைக்கு 38 குரோமோசோம்கள், இதற்கோ 40. கலப்பினமாக்குவது கடினம், ஒட்டும் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே ஐரோப்பியக் கொடிகளை ஒட்டவைத்துப் பிரான்சைக் காப்பாற்றிய வேர்கள் வேறு அமெரிக்க இனங்களுடையவை.

அந்தக் கொடியின் வலிமையைப் போத்தலில் எதிர்பார்க்க முடியாது. பழுத்த மஸ்கடைனிலும் சாப்பாட்டோடு குடிக்கும் மேசை வைனின் மதுச்சத்துக்குத் தேவையான அளவு சர்க்கரை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், நொதிக்க விடுவதற்கு முன்பே சாற்றில் சீனி சேர்க்கிறார்கள். நொதித்து முடிந்தபின் எஞ்சும் புளிப்பையும் தோலின் துவர்ப்பையும் அடக்க மீண்டும் சேர்க்கிறார்கள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு விளங்காமல் போகுமா?

நிறந்தான் எனக்கு இன்னும் சுவையான விடயம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பழுப்பாவதைத்தான் டீமேக்கர் காத்திருந்து பிடிக்கிறார். மஸ்கடைன் வைன் செய்பவர் அதே பழுப்பை அஞ்சுகிறார். ஐரோப்பியத் திராட்சையின் நிறமிகளில் பெரும்பாலும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஒட்டியிருக்க, இதன் நிறமிகளில் இரண்டு இருக்கின்றன. அவை துவர்ப்புப் பொருள்களோடு எளிதில் பிணைந்து நிலைபெறாததால், நோபல் போன்ற கருஞ்சிவப்பு வகையின் வைன்கூட நாளாக நாளாகப் பழுப்பேறுகிறது.

ஆகவே இதைப் பல வருடங்கள் பூட்டிவைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. புதிதாக இருக்கும்போதே நன்றாகக் குளிரவைத்து, மிளகு தூக்கலாகப் போட்ட இறைச்சிப் பிரட்டலோடு குடித்தால், மஸ்கடைனுக்கே உரிய கஸ்தூரி வாசனை தித்திப்பைத் தாண்டி எழுவது தெரியும்.