தைப்பவன் பறந்து பார்த்தபோது

பியகம வர்த்தக வலயத்தில் வேலை என்று சொன்னால் டீசேர்ட்டா ஜீன்ஸா என்றுதான் கேட்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் தைப்பது காற்றுக்கு: கைட்சேர்ஃப் பட்டங்கள், பாராகிளைடர்கள், இடைக்கிடை படகுப் பாயும். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தைத்து முடிந்ததை நீள மேசையில் விரித்து இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போகிறதா என்று அளக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் முறைப்பாடுகளை வாசித்துப் பதில் எழுத வேண்டும். அந்த முறைப்பாடுகளில் எனக்குப் பாடமாகிப்போன ஒரு வசனம் உண்டு: "ஒரு பக்கம் இழுக்கிறது." திருப்பி அனுப்பியதை மேசையில் போட்டு அளந்தால் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும். பறக்கிறவர் சரிந்து தொங்கியிருப்பார் என்று பிரிவுக்குள் கதைத்துவிட்டு, மரியாதையான ஒரு மின்னஞ்சல் போடுவோம்.

நானும் பறப்பவன்தான் என்பது வேலையிடத்தில் பலருக்குத் தெரியாது. அக்கா குடும்பம் சிட்னியில் இருப்பதால் லீவுக்குப் போகும்போதெல்லாம் தெற்கே ஸ்டான்வெல் பார்க் குன்றுக்குப் போய், சிறகின் கீழே தொங்கியபடி உடம்பை நகர்த்தித் திருப்பும் ஹாங் கிளைடர் பழகினேன். 1894இல் லோரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டங்களை வரிசையாகக் கட்டித் தன்னையே நிலத்திலிருந்து தூக்கவைத்தது அந்தக் கடற்கரையில்தான். வல்வெட்டித்துறையில் பொங்கலுக்கு ஏற்றுகிற பெரிய பட்டங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மனுசனை ஏனோ ஊர்க்காரர் போலவே தோன்றும். பழகியது மொய்ஸ் நிறுவனத்தின் மலிபுவில். ஒற்றைத் துணி, மேலே கம்பமும் கம்பிகளும், மெதுவான சுபாவம். என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். பிறகு அதைவிட ஒரு படி மேலான கெக்கோவுக்கு மாறினேன், அதிலும் பெரிதாகப் பயம் தெரியவில்லை.

இந்த ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டுச் சமவெளியில், ஃபோர்ப்ஸ் பக்கம், கிளப்பில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் தன் புது லைட்ஸ்பீடை ஒருக்கால் பறந்து பார் என்று தந்தார். போட்டிக்காரர்களின் கிளைடர் அது. மேலே கம்பமும் இல்லை, கம்பிகளும் இல்லை, காற்றை எதிர்க்கும் சாமான்களை முடிந்தவரை கழற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் மேலே நிற்கும் கம்பத்தின் உச்சியிலிருந்து வரும் கயிறுகள்தான் சிறகின் பின்விளிம்பைத் தூக்கிப் பிடித்து, மூக்குக் குத்தி விழாமல் காப்பாற்றின. இதில் அந்த வேலையைச் சிறகு நுனிப் பக்கம் துணிக்குள்ளே ஒளிந்திருக்கும் ஸ்ப்ரொக் என்ற தண்டுகள் பார்க்கின்றன. அவற்றின் உயரம் கொஞ்சம் மாறினாலும் கிளைடரின் குணம் மாறும் என்று படித்திருந்தேன். அண்ணை சிப்பைத் திறந்து அவற்றைக் காட்டியபோது என் கண் ஸ்ப்ரொக்கில் நிற்கவில்லை, பக்கத்துத் தையலுக்குப் போய்விட்டது. மைலார் லாமினேட்டில் ஊசி ஒருமுறை குத்தினால் அந்த ஓட்டை மூடாது, அதனால் பிரித்துத் தைக்க வழியில்லை. அந்தக் கோணல்மாணல் தையல் கடைசி வரைக்கும் ஒரே இடைவெளியில் ஓடியிருந்தது. தைத்தவர் ஆரோ, கெட்டிக்காரர்.

தூக்கிப் பார்த்தேன். 30 கிலோவுக்கு மேல், அதில் மூக்குப் பக்கம்தான் பாரம். நிலத்தில் நிற்கும்போது இது ஒரு நல்ல கிளைடர் என்றே தோன்றாது, கொஞ்சக் காற்றுக்கும் ஒரு சிறகு தூக்கிக்கொண்டு வரும்.

மலை இல்லாத ஊர் என்பதால் டிராகன்ஃபிளை என்ற சின்ன இழுவை விமானம்தான் மேலே கொண்டுபோகிறது. ஏறும் முன் அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, அது தன்பாட்டில் பறக்கும். நீ குழப்பாமல் இருந்தால் போதும்." எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது, இதெல்லாம் ஒரு அறிவுரையா என்று. இழுவையில் ஏறத் தொடங்கியதும் விளங்கிவிட்டது. கெக்கோவில் உடம்பை நகர்த்தினால் உடனே பதில் வரும். இதில் நகர்த்தினாலும் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் நகர்த்துவோம், அப்போது முதலில் செய்ததற்கும் இப்போது செய்ததற்கும் சேர்த்து ஒரேயடியாகத் திரும்பும், அதைத் திருத்தப் போனால் மற்றப் பக்கம். ஆகவே ஒன்றைச் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாள் முழுக்க பிழை தேடி உடனுக்குடன் திருத்திப் பழகிய ஆளுக்கு அந்தக் காத்திருப்பு லேசில் வராது.

சுமார் 600 மீட்டரில் இழுவைக் கயிற்றிலிருந்து கழன்றேன். சிறகின் துணியை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கிற விஜி கயிற்றை முழுவதும் தளர்த்தி வைத்துச் சில வட்டங்கள் போட்டபோது பயம் போய்விட்டது. பெரிய பேருந்தை ஒடுக்கமான தெருவில் திருப்புவது மாதிரி, முன்கூட்டியே தொடங்கினால் மெல்ல வந்து வளைவில் படுத்துவிடும், அதற்குப் பிறகு தெர்மலுக்குள், அதாவது மேலே எழும் சூடான காற்றுக்குள், கையை எடுத்தாலும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். கெக்கோ அப்படி இல்லை, அதை வட்டம் முழுக்க பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வளைவுக்குள் நுழைவது கஷ்டம், நுழைந்த பின் சுகம். விளம்பரங்களில் எழுதாத வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் விஜி. கயிற்றை இழுக்க இழுக்க உள்ளே இருக்கும் குறுக்குத்தண்டு பின்னுக்குப் போய், சிறகின் முன்விளிம்புகள் விரிந்து, துணி இறுகும். தொங்கிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்கலாம், பின்விளிம்பின் படபடப்பு குறைந்து ஒரு மெல்லிய ரீங்காரம் மட்டும் மிஞ்சும். கையில் பிடிக்கிற குறுக்குத் தடியான பாரை நெஞ்சுக்குக் கீழே இழுத்து வேகம் கூட்டினால், மலிபு என்றால் கல் போல இறங்கும், இது இறங்குவதாகவே தெரியவில்லை, தூரத்துத் தானிய சைலோக்கள் மட்டும் கிட்ட வந்துகொண்டிருந்தன. மணிக்கு 70 கி.மீ. தாண்டியதும் மூக்கு இடமும் வலமும் மெல்ல ஆடத் தொடங்கியது. எல்லாப் புத்தகங்களிலும் எச்சரிக்கை இருக்கிற விசயம்தான், திருத்தத் திருத்த ஆட்டம் கூடும். பிடியைத் தளர்த்தி வேகத்தைக் கொஞ்சம் விட்டேன், நின்றுவிட்டது.

ஆட்டம் நின்ற பிறகுதான் அதைக் கவனித்தேன். கயிறு முழுவதும் இறுகியிருக்கையில், வேகத்தில், கிளைடர் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் போனது. வேகத்தைக் குறைத்தேன், நேராகப் போனது. கூட்டினேன், வலம். கயிற்றைத் தளர்த்தி அதே வேகத்துக்கு வந்தேன், நேர். வேறு விமானியாக இருந்தால் சலித்திருப்பார். எனக்கு அங்கேயே, அந்த உயரத்திலேயே, என் மேசை ஞாபகம் வந்து, திருப்பி அனுப்பி வைத்த பாய்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தன.

கிளைடின் அளவை, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகும் என்பதை, சொல்லாமல் விடக்கூடாது. இந்த வகைக் கிளைடர்களுக்கு ஏறக்குறைய 15க்கு 1 என்பார்கள், மலிபு மாதிரியானவற்றுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில்லாத ஒரு நாளில் காலிமுகத் திடலுக்கு மேலே 1,000 மீட்டரில் விட்டால், மலிபுக்காரர் கடற்கரையோடு வந்து வெள்ளவத்தையில் சோறு தின்னலாம், லைட்ஸ்பீட்காரர் கல்கிசையையும் தாண்டிப் போவார். (இரத்மலானை விமான நிலையம் இருக்கிற வழியில் ஆரும் அப்படி விடமாட்டார்கள், கணக்குக்குச் சொன்னேன்.) அந்தத் தூரமே இறங்கும்போது தொல்லை. வயலுக்கு மேலே தலையளவு உயரத்தில் வந்த பிறகும் நிற்காமல் மிதந்துகொண்டே போகும், வேலி கிட்ட வரும். அண்ணை கட்டித் தந்த, பின்னால் விரிந்து காற்றைப் பிடிக்கும் சின்னக் குடையை முன்கூட்டியே விரித்திருந்ததால் எனக்கு இடம் தாராளமாக இருந்தது.

இறங்கியதும் வலப்பக்கம் இழுக்கிறதைச் சொன்னேன். அண்ணை சிரித்துவிட்டு, ஸ்ப்ரொக்கின் கீழே டிஜிட்டல் கோணமானியை வைத்து இரு பக்கமும் அளந்தார். வித்தியாசம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது. "புதுத் துணி இன்னும் படியவில்லை, ஒரு பக்கம் கூடுதலாக இழுபட்டிருக்கும்" என்றார். பறந்து பழகியதும் திரும்ப அளந்து திருகாணியில் சரிசெய்வார்களாம்.

அதாவது மேசையில் கிடக்கிற துணிக்குப் பாரம் இல்லை. இரு பக்கமும் ஒரே அளவில் வெட்டித் தைத்தாலும், தைத்தவர் ஒரு பக்கத்து நூலைக் கொஞ்சம் இறுக்கி ஓட்டியிருந்தால் அது விரித்து வைக்கும்போது தெரியாது. மெதுவாகப் பறக்கும்போதும் தெரியாது. முழுப் பாரமும் ஏறி, வேகமும் கூடிய பிறகுதான் வெளியே வரும். பாராகிளைடரின் கயிறுகளை நாங்கள் பாரம் தொங்கவிட்டுத்தான் அளக்கிறோம், அது எவ்வளவோ காலமாகச் செய்கிற வேலை. துணியை மட்டும் ஏன் சும்மா விரித்து அளக்கிறோம் என்று அதுவரை ஆரும் கேட்டதில்லை, பெரிய மேசை இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

லீவு முடிந்து வந்து மேலாளரிடம் கதைத்தேன். துணியை இழுத்து அளக்கும் சட்டகம் செய்ய இப்போதைக்குக் காசு இல்லை என்றார், அதுவும் நியாயம்தான். முறைப்பாட்டுப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க மட்டும் சம்மதித்தார்: எந்த வேகத்தில் இழுக்கிறது, வேகத்தைக் குறைத்தால் நிற்கிறதா. தையல் வரிசையில் இருக்கிற ஹட்டன் பிள்ளை ஒருத்தியிடம் நூல் இறுக்கத்தை இரு பக்கத்துக்கும் ஒரே மெஷினில் வைக்கச் சொன்னபோது, "சேர், கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்கு மெஷின் மாத்திக்கிட்டு?" என்று கேட்டாள். தொலைபேசியில் இருந்த வீடியோவைக் காட்டினேன், பாரில் என் கை அசையாமல் இருக்க அடிவானம் மெல்லச் சரிகிறதை. இரண்டு தரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இடது சிறகைத் தைக்கிறது வேறு ஷிஃப்ட், அவர்களிடமும் இதைச் சொல்லியாச்சா என்று கேட்டாள். இன்னும் சொல்லவில்லை. இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளரை நாளைக்குத்தான் பிடிக்க வேண்டும்.